முன்னூறு மணி நேரத்துக்குப் பிறகு

பலரைச் சேர்த்து ஓர் ஏற்பாட்டைக் கட்டியவருக்கு, அதைக் குலைக்கவும் உரிமை உண்டா? மூக்கண்டப்பள்ளி அருள்மேரியை அறிந்தவர்களில் பாதிப்பேர் உண்டு என்பதுபோலப் பேசுகிறார்கள். மீதிப்பேர் அவர் பெயரைக் கேட்டதும் பேச்சை மாற்றிவிடுகிறார்கள். இரு தரப்பும் அவரோடு பழகியவர்கள், அவரால் ஏதோ ஒரு வகையில் பயனடைந்தவர்கள். அவரைப் புகழ்வது சுலபம், குறை சொல்வதும் சுலபம். என்ன நடந்தது என்பதை வரிசையாகச் சொல்வதுதான் கொஞ்சம் கடினம்.

அவர் 1951இல் காவேரிப்பட்டினத்தில் பிறந்தார். எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்தார். டவுன் பஸ் கண்டக்டரான ஆரோக்கியநாதனைக் கல்யாணம் செய்துகொண்டு ஓசூருக்கு வந்தபோது, தொழிற்பேட்டையில் ஒவ்வொரு மாதமும் ஏதாவது ஒரு புதிய கூரை எழும்பிக்கொண்டிருந்தது. அங்கே சிறுதொழில் முதலாளிகளின் சங்க அலுவலகத்தில் டைப்பிஸ்ட் வேலை கிடைத்தது. மின்வெட்டு பற்றி மின்வாரியத்துக்கு, தண்ணீர் பற்றி நகராட்சிக்கு, சாலை பற்றி எல்லோருக்கும் என்று கடிதங்கள். எந்த முதலாளிக்கு யாரோடு பேச்சு இல்லை என்பதும், யார் பெயருக்கு மேலே யார் பெயரை டைப் செய்யக் கூடாது என்பதும் இரண்டே வருடத்தில் அவருக்கு மனப்பாடம்.

1985இல் சென்னையில் இருந்த ஒரு தபால்வழித் தொழிற்கல்வி நிலையத்தில் அலுவலக நிர்வாகம் படிக்கச் சேர்ந்தார். மாதம் ஒரு பாடப் புத்தகம் தபாலில் வரும். விடைத்தாளை எழுதித் திருப்பி அனுப்ப வேண்டும். அதே நிலையத்தில் அவர் தெருவில் இருவர் மோட்டார் வைண்டிங் படித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு நாள் அவர்களுடைய பாடத்தைப் புரட்டிப் பார்த்தவர், தனக்குச் சம்பந்தமில்லாத அந்தப் பாடத்துக்காக ஒரு புகார்க் கடிதம் எழுதினார். 'இவர்கள் மோட்டாரைப் படத்தில்தான் பார்த்திருக்கிறார்கள். இங்கே தெருவுக்கு நான்கு பட்டறைகளில் மோட்டார் பிரிந்து கிடக்கிறது. நடுவில் ஒரு கேட் இருக்கிறது. நிலையம் அந்த முதலாளிகளோடு பேசினால் என்ன?'

பதினைந்து நாளில் பதில் வந்தது. ஓசூர் வட்டாரத்துக்கு அவரையே உள்ளூர் ஒருங்கிணைப்பாளராக நியமித்து, கூடவே ஒரு ரப்பர் ஸ்டாம்பும் அனுப்பியிருந்தார்கள்.

"புகார் எழுதுனவங்க தலையிலயே கட்டிட்டாங்க பாரு," என்று ஆரோக்கியநாதன் சிரித்தார். "இனிமே பஸ்ஸு லேட்டுன்னு எழுதிடாத. டிரைவராக்கிடுவாங்க."

நிலையத்தின் விதி ஒன்றுதான். சான்றிதழ் வாங்க, எழுத்துத் தேர்வோடு, வேலை நடக்கும் ஒரு பட்டறையில் முன்னூறு மணி நேரச் செய்முறைப் பயிற்சியும் முடித்திருக்க வேண்டும். நாளொன்றுக்கு ஆறு மணி நேரம் என்றால் ஐம்பது நாள். தேதிவாரியாகப் பதிவும் வேண்டும். இதற்காக அருள்மேரி பட்டறை பட்டறையாக ஏறி இறங்கினார். முதலில் போனது லால் பாஷாவிடம். மூக்கண்டப்பள்ளியில் பதினோரு ஆட்களோடு மோட்டார் ரிப்பேர்ப் பட்டறை வைத்திருந்தவர் அவர்.

"பசங்க வரட்டும் மேரிம்மா, கத்துக்கட்டும். நான் என்ன வித்தைய பூட்டியா வெச்சிருக்கன்?" என்றார் லால் பாஷா. "பேப்பர்ல மட்டும் பேரு வேணாம்."

"பேரு இல்லாம எப்பிடி பாய் சர்ட்டிபிகேட் குடுப்பாங்க?"

"கடைசியா ஒரு சீட்டு குடுங்க, பயிற்சி முடிச்சான்னு கையெழுத்து போடறன். அதுல தேதி கேக்காதீங்க. இவன் இன்னிக்கு வந்தான், நாளைக்கு வந்தான்னு என் கேட்ல எழுதி வெச்சா, ஒரு நாளு யூனியன்காரன் அத எடுத்துனு வந்து என் முன்னால நிப்பான். எரநூத்தி நாப்பது! உங்களுக்குத் தெரியாதா? நீங்கதான எங்க லெட்டரெல்லாம் அடிக்கறீங்க."

அவருக்குத் தெரியும். ஓராண்டுக்குள் இருநூற்று நாற்பது நாள் வேலை செய்தவரை நினைத்தபோது வெளியே அனுப்ப முடியாது. பேட்டையில் எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் அறிந்த எண் அது. மற்ற ஆறு பட்டறைகளிலும் இதே பதில்தான் கிடைத்தது. ஆட்கள் வரலாம், தடயம் கூடாது. நிலையமோ தடயம் இல்லாமல் சான்றிதழ் தராது.

பாடம் நடத்த இடம் பிடிப்பது இவ்வளவு சிரமமாக இல்லை. மின்வெட்டால் ஒவ்வோர் ஆலைக்கும் வார விடுமுறை வேறு வேறு நாளில் விழுந்தது. ஞாயிறு விடுமுறைக்காரர்களுக்குப் பூசை முடிந்தபின் மாதா கோயில் கூடத்தில் பாடம். செவ்வாய் விடுமுறைக்காரர்களுக்கு ஜமாஅத்தின் அறையைக் கேட்டு வாங்கினார். நடத்தியவர் ஒரு பெரிய ஆலையின் எலக்ட்ரீஷியன். தமிழில் தொடங்கி, தெலுங்கில் விளக்கி, கன்னடத்தில் திட்டி முடிப்பார். யாருக்கும் புரியாமல் போனதில்லை.

பதிவுக்குத்தான் வழி தெரியாமல் இருந்தது. அது கிடைத்தது நஞ்சம்மாவின் டீக்கடையில். பட்டறைகள் இருந்த சந்தின் வாயிலில் கடை. உள்ளே போகிற எவரும் அவர் கண்ணில் படாமல் போக முடியாது. அருள்மேரி ஒரு நீள நோட்டை வாங்கி, மாணவருக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, இடது ஓரத்தில் அந்த மாதத்துத் தேதிகளைத் தானே எழுதினார். நோட்டு நஞ்சம்மாவிடம் இருக்கும், பட்டறையில் இராது.

"எழுத்து பேடம்மா, எனக்கு வராது," என்றார் கன்னடக்காரரான நஞ்சம்மா. "கோடு போடறன்."

அப்படியே ஆனது. மாணவர் உள்ளே போகும்போது தன் பக்கத்தைத் திறந்து காட்டுவார். நஞ்சம்மா நேராக ஒரு கோடு கிழிப்பார். மாலையில் வெளியே வரும்போது அதன் குறுக்கே ஒரு கோடு. இரண்டும் சேர்ந்து கூட்டல் குறியானால் ஒரு முழு நாள். பாதியில் போனவருக்கு வெறும் நேர்க்கோடு மட்டும் நிற்கும். பென்சிலை மாணவர் தொடக் கூடாது. அது பால் கேனின் கைப்பிடியில் கயிற்றால் கட்டியிருந்தது. மாதக் கடைசியில் அருள்மேரி வந்து குறிகளை எண்ணி, கீழே கையெழுத்திட்டு, அடுத்த மாதத்துக்குத் தேதி எழுதிவைப்பார்.

சென்னையிலிருந்து வந்த நிலையத்தின் செயலாளர் நோட்டைப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் ஒரு ரெக்கார்டா?" என்று கேட்டார்.

நஞ்சம்மாவுக்குக் கேள்வி புரிந்தது. "கேளு சாமி. போன செவ்வாக்கெழம யாரு வரல, கேளு. அந்த உயரமான பையன் வரல. அவங்க ஊர்ல மாரியம்மன் ஹப்ப, திருவிழா. வந்தவங்க ஏழு பேரு. ஒருத்தனுக்குச் சக்கர வேணாம்."

செயலாளர் நோட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டி, அந்தச் செவ்வாய்க்கிழமைத் தேதிக்கு நேரே இருந்த கோடுகளை எண்ணினார். ஏழு இருந்தன. ஒரு டீ குடித்துவிட்டு, ஏற்பாட்டுக்கு ஒப்புதல் எழுதிக் கொடுத்தார்.

அந்த முதல் அணி 1987 பிப்ரவரியில் பதினான்கு பேரோடு தொடங்கியிருந்தது. அவர்களில் ஒருவர் திம்மராயன். சூளகிரிக்கு அப்பால் ஒரு கிராமம், வீட்டில் தெலுங்கு, இருபத்துமூன்று வயது. லால் பாஷாவின் பட்டறையில் சேர்ந்தார். வேறு வேலை இல்லாததால் தினமும் வந்தார். ஏப்ரல் ஏழாம் தேதி ஐம்பதாவது கூட்டல் குறி விழுந்தது. அவருடைய முன்னூறு மணி நேரம் முடிந்தது.

மறுநாள் அவர் மறுபடியும் வந்தார். லால் பாஷாதான் வரச் சொல்லியிருந்தார். "கை நல்லா இருக்குது உனுக்கு. சும்மா வூட்ல உக்காந்து என்ன பண்ணப்போற? வா, பாக்கலாம்." பார்க்கலாம் என்ற சொல்லை லால் பாஷா ஒருவிதமாகச் சொன்னார், திம்மராயன் ஒருவிதமாகக் கேட்டுக்கொண்டார். பஸ் சார்ஜும் மத்தியானச் சாப்பாடும் கிடைத்தன. ஆடிக்குள் அவர் தனியாகவே பம்ப் மோட்டார்களுக்கு வைண்டிங் போட்டார். குருபரப்பள்ளியிலிருந்துகூட விவசாயிகள் அவர் பெயரைச் சொல்லி மோட்டார் கொண்டுவந்தார்கள்.

நஞ்சம்மாவிடம் யாரும் போதும் என்று சொல்லவில்லை. அவர் கோடு போட்டுக்கொண்டே இருந்தார். பக்கம் தீர்ந்தபோது அருள்மேரி புதுப் பக்கம் திறந்து தேதி எழுதிக் கொடுத்தார். ஒரு முறை அல்ல, மாதந்தோறும் எழுதினார். மேலும் நாற்பது, மேலும் நூறு என்று எண்ணிக் கையெழுத்திட்டார். மற்ற முதலாளிகளிடம் போகும்போது, "லால் பாஷா பாய் பட்டறையில திம்மராயன் வேலைய வந்து பாருங்க," என்று சொல்லித்தான் புதிய இடங்களைக் கேட்டார். அந்த வாக்கியத்தால்தான் இரண்டாம் அணிக்கு முப்பது இடங்கள் கிடைத்தன. கூலியில்லாத ஓர் ஆண்டு உழைப்பு அவர் கண்ணெதிரே கோடு கோடாக விழுந்துகொண்டிருந்தது. படிக்கிற ஆர்வம் என்றே அவர் அதை எடுத்துக்கொண்டார், அல்லது அப்படி எடுத்துக்கொள்வது வசதியாக இருந்தது. இதை அவரே பின்னாளில் மறுக்கவில்லை.

1988 மார்ச் கடைசி வாரம் ஆர்டர் குறைந்தது. "நாளைலேர்ந்து வர வேணாம்ப்பா, தேவைன்னா சொல்லி அனுப்பறன்," என்றார் லால் பாஷா. திம்மராயன் இரண்டு வாரம் காத்திருந்து பார்த்துவிட்டு, யூனியன் ஆபீசுக்குப் போனார். அங்கே அவரிடம் கேட்ட முதல் கேள்வி, எத்தனை நாள் வேலை செய்தாய் என்பது. அவர் நஞ்சம்மா கடைக்கு வந்து எண்ணினார். பயிற்சிக்குரிய ஐம்பதைத் தள்ளி, இருநூற்று அறுபத்தொரு கூட்டல் குறிகள்.

கிருஷ்ணகிரியில் தொழிலாளர் துறை அலுவலகத்துக்கு மனு போனது. மே பதினெட்டாம் தேதி சமரசப் பேச்சு. நோட்டோடு அருள்மேரியும் வர வேண்டும் என்று நோட்டீஸ் வந்தது.

லால் பாஷா சங்க அலுவலகத்துக்கு வந்து, உட்காராமல் பேசினார்.

"நான் அவன வேலக்காரனா நெனைக்கல மேரிம்மா. எங்க வூட்டுப் பையனாதான் நெனச்சன்."

"வூட்டுப் பையன மார்ச்சுல அனுப்பிட்டீங்களே பாய்."

"வெளையாடாதீங்க. நீங்க அவன் மாணவன்னு சொன்னா முடிஞ்சிச்சு. தொழிலாளின்னு சொன்னீங்கன்னா, எனக்கு ஒரு ஆளு கூட ஆவான், அதோட போச்சு. ஆனா மத்தவங்க சும்மா இருப்பாங்களா? திங்கக்கெழம ஏழு கேட்டும் மூடிடுவாங்க. நான் மெரட்டல. உள்ளத சொல்றன்."

அதே வாரம் செயலாளரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. 'மாணவர் தம் விருப்பத்தின் பேரில் பயிற்சிக் காலத்தை நீட்டித்துக்கொண்டார்' என்று டைப் செய்து, அருள்மேரி கையெழுத்திட இடம் விட்டு அனுப்பியிருந்தார்கள். அவர் அதை மடித்து அதே உறையில் போட்டு, கையெழுத்தில்லாமல் திருப்பி அனுப்பினார்.

இரண்டாம் அணியின் முப்பது பேருக்கும் செய்முறை முடிய இன்னும் ஐந்து வாரம் இருந்தது. எதிரே இருந்த ஒரு பெரிய ஆலை ஜூலையில் ஆள் எடுக்கவிருந்தது. சான்றிதழ் உள்ளவர்களைக் கட்டாயம் இன்டர்வியூவுக்குக் கூப்பிடுவதாக அதன் மேனேஜர் அருள்மேரியிடம் வாய்விட்டுச் சொல்லியிருந்தார். கேட் இப்போது மூடினால் சான்றிதழ் இல்லை. சான்றிதழ் இல்லையென்றால் ஜூலையும் இல்லை.

மே பதினைந்து, ஞாயிற்றுக்கிழமை, கோயில் கூடத்தில் எல்லோரும் கூடினார்கள். முதலில் பேசியவர் தில்ஷாத். வீட்டில் ஃபேன் காயில் சுற்றிக்கொடுத்துக்கொண்டு இரண்டாம் அணியில் படித்தவர்.

"திம்மராயன் அண்ணன் கேக்கறது நியாயந்தான், நான் இல்லன்னு சொல்லல. ஆனா அவருக்கு ஒரு நியாயம், எங்க முப்பது பேருக்கு ஒரு நியாயமா? எங்கண்ணன்கிட்ட ஜூலை, ஜூலைன்னு சொல்லித்தான் நான் கல்யாணப் பேச்ச தள்ளிப்போட்டு வெச்சிருக்கன். என்னை நெனச்சுப் பாருங்கக்கா."

"உன்னை யாரு கட்டிக்கப்போறாங்க, ஃபேன் கடக்காரனா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"உன்னக் கட்டிக்கறதுக்கு அதுவே மேல்," என்றார் தில்ஷாத் திரும்பாமலே. கூடம் சிரித்து அடங்கியது.

வழியைச் சொன்னவர் திம்மராயனுக்காக வந்திருந்த யூனியன்காரர். தேர்வு வேலை இருப்பதால் நோட்டை இப்போது கொண்டுவர இயலாது, ஐந்து வாரம் வாய்தா வேண்டும் என்று அருள்மேரி ஒரு மனு கொடுத்தால் போதும். லால் பாஷா எதிர்க்க மாட்டார், அவருக்கும் தள்ளிப்போனால் நல்லது. அதற்குள் முப்பது பேரும் முடித்துவிடுவார்கள். பிறகு உண்மையைச் சொல்லலாம். யாருக்கும் நட்டம் இல்லை.

எல்லோரும் திம்மராயனைப் பார்த்தார்கள்.

"ஒரு வருசம் போச்சு, அஞ்சு வாரத்துல என்ன ஆவப்போவுது?" என்றார் அவர். "நான் காத்திருக்கறன்க்கா. நீங்க மனு எழுதுங்க."

அருள்மேரி சரி என்றார். மறுநாள் சங்க அலுவலகத்து மெஷினிலேயே மனுவை டைப் செய்து, கையெழுத்திட்டு, நஞ்சம்மாவிடம் நோட்டையும் வாங்கி வைத்துக்கொண்டார். நோட்டை ஏன் எடுத்துப்போக வேண்டும் என்று நஞ்சம்மா கேட்கவில்லை. வாய்தா மனு கொடுக்கப்போகிறவருக்கு நோட்டு எதற்கு என்று அன்று வேறு யாரும் யோசிக்கவும் இல்லை.

பின்விளைவுகளை முதலில் சொல்லிவிடலாம், அவற்றில் மறைவு ஒன்றுமில்லை. திம்மராயனுக்கு வேலை திரும்பக் கிடைத்தது. முறையான சம்பளத்தோடு லால் பாஷாவிடம் ஒன்பது ஆண்டுகள் இருந்தார். இருவரும் சண்டை போட்டதாக யாரும் சொல்லவில்லை. மே இருபத்துமூன்றாம் தேதி, திங்கட்கிழமை, ஏழு பட்டறைகளும் மாணவர்களை நிறுத்தின. வெளி மாணவர் எவரையும் பயிற்சிக்கு அனுமதிக்க வேண்டாம் என்று சங்கம் எல்லா முதலாளிகளுக்கும் அனுப்பிய சுற்றறிக்கையை டைப் செய்தவர் அருள்மேரிதான். நிலையம் ரப்பர் ஸ்டாம்பைத் திரும்பக் கேட்டு வாங்கிக்கொண்டது. முப்பது பேரில் ஒருவரும் ஜூலை இன்டர்வியூவுக்குப் போகவில்லை. அருள்மேரி கர்நாடக எல்லையைத் தாண்டி அத்திப்பள்ளிப் பக்கம் பட்டறைகளைத் தேடிப் பேசினார். அங்கே பதினேழு பேர், ஓராண்டு தாமதமாக, மீதி மணி நேரத்தை முடித்தார்கள். தில்ஷாத் அவர்களில் ஒருவர். பதின்மூன்று பேர் விட்டுவிட்டார்கள். அந்தப் பதின்மூன்று பெயர்களையும் அருள்மேரி கடைசிவரை வரிசை மாறாமல் சொல்வார். அது வருத்தமா, கணக்கா, வெறும் நினைவாற்றலா என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது.

மே பதினெட்டு, புதன்கிழமை. அவரும் திம்மராயனும் காலை பஸ்ஸில் கிருஷ்ணகிரிக்குப் போனார்கள். குருபரப்பள்ளியில் பஸ் நின்றபோது அருள்மேரி ஜன்னல் வழியாக மாம்பழம் வாங்கினார். பிறகு பையிலிருந்து மனுவை எடுத்து, "ஒருக்கா படிச்சுப் பாரு, தப்பு இருந்தா சொல்லு," என்று திம்மராயனிடம் கொடுத்தார். தப்பு இல்லை என்று அவர் திருப்பிக் கொடுத்தார். அதுவரை அருள்மேரியின் மனதில் மாற்றம் எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை என்று திம்மராயன் சொல்கிறார். அலுவலக வாசலில் லால் பாஷாவும் இவர்களோடு சேர்ந்துகொண்டார். மூவரும் மாம்பழம் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு உள்ளே போனார்கள்.

அங்கே நடந்ததை லால் பாஷாவும் திம்மராயனும் தனித்தனியே சொன்னார்கள். இரண்டும் ஒத்துப்போகின்றன.

"மேடம், வாய்தா மனு ஏதோ குடுக்கறீங்கன்னு சொன்னாங்களே?" என்று அதிகாரி கேட்டார்.

"குடுப்பாங்க சார்," என்றார் லால் பாஷா. "எனக்கு ஆட்சேபணை இல்ல."

அருள்மேரி பையை மடியில் வைத்திருந்தார். "என்கிட்ட என்ன கேக்கணும்னு இருந்தீங்க சார்?"

"அது அப்புறம் பாத்துக்கலாமே. மனுவ குடுங்க, நான் தேதி போட்டுடறேன்."

"கேள்வி என்னன்னு சொல்லுங்க சார்."

அதிகாரி ஃபைலைப் புரட்டினார். "ஒண்ணே ஒண்ணுதான். உங்க நிலையத்துக் கணக்குப்படி முன்னூறு மணி நேரம் பயிற்சி. அது முடிஞ்சதுக்கு அப்புறம் இவரு அந்தப் பட்டறையில மாணவரா, தொழிலாளியா?"

திம்மராயன் குனிந்து, "அக்கா, மனு," என்றார்.

அருள்மேரி பையைத் திறந்து நோட்டை எடுத்து மேசைமேல் வைத்தார். மனு பைக்குள்ளேயே இருந்தது.

"தொழிலாளி சார்," என்றார். "போன வருசம் ஏப்ரல் எட்டாந்தேதியிலேர்ந்து. நான்தான் தேதி எழுதிக் குடுத்தன். எங்க கையெழுத்துப் போடணும்?"